'பரையா' என்று ஆங்கிலத்தில் எழுதலாமா?

புளியந்தோப்பிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் நீங்கள் கேட்டது இது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காகத் தயாரித்த ஆங்கில அறிக்கையில், உலக நாடுகள் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டைக் குறிக்க 'பரையா ஸ்டேட்' (pariah state) என்று எழுதினீர்கள். உங்கள் குழுத் தலைவர், அவரும் தமிழர், அதை எடுத்துவிடச் சொன்னார். லண்டனில் இருந்து அறிக்கையைத் திருத்துபவரோ, இது எல்லா அகராதிகளிலும் உள்ள சொல், பெரிய நாளேடுகளே எழுதுகின்றன, எடுக்கக் காரணம் எதுவும் இல்லை என்று மறுமொழி அனுப்பினார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்றும், 'கூலி', 'ரவுடி', 'ஸ்லம்', 'நேட்டிவ்' ஆகியவற்றுக்கும் இதே அளவுகோல்தானா என்றும் கேட்கிறீர்கள்.

உங்கள் குழுத் தலைவர் சொன்னதுதான் சரி. ஆனால் அவர் காட்டிய காரணம், அதாவது 'யாராவது மனம் புண்படுவார்கள்' என்பது, பாதிக் காரணம்தான். அதை மட்டும் சொன்னால், புண்படக்கூடியவர் யாரும் இந்த அறிக்கையைப் படிக்கப் போவதில்லையே என்று லண்டன்காரர் எளிதாகத் தட்டிக்கழித்துவிடுவார். மற்றப் பாதி இன்னும் வலுவானது. அந்தச் சொல்லுக்கு ஆங்கில அகராதி இன்று தரும் பொருள், ஒரு குறிப்பிட்ட மக்களைப் பற்றி ஐரோப்பியர் கொண்டிருந்த பிழையான எண்ணத்திலிருந்து பிறந்தது. பொருளே தவறு என்னும்போது, அது புண்படுத்துகிறதா இல்லையா என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வருகிறது.

இந்தச் சொல் ஆங்கில எழுத்தில் முதன்முதலில் காணப்படுவது 1613ஆம் ஆண்டில். சென்னையில் கோட்டை கட்ட ஆங்கிலேயர் இடம் பெற்ற 1639க்கும் முந்திய காலம் அது. தொடக்கத்தில் அது பறையர் என்ற மக்களின் பெயராக மட்டுமே எழுதப்பட்டது. 'எவராலும் சேர்த்துக்கொள்ளப்படாதவர்' என்ற பொதுப்பொருளில் அது வழங்கியதற்கு 1819 முதல்தான் சான்று கிடைக்கிறது. இடைப்பட்ட 200 ஆண்டுகளில் நடந்ததை விளக்கும் நூல் ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்த பர்னெலும் யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதிதான் அது. பறையர்கள் சாதிக்கு வெளியே நிற்பவர்கள் என்று பொருள்கொள்வது சரியான வழக்கு அல்ல என்று அந்நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. சென்னை நகரின் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினர் அவர்கள் என்றும், ஐரோப்பியர் வீடுகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அவர்களே என்பதால், ஐரோப்பியருக்கு நன்கு தெரிந்த அந்த ஒரு பெயர் 'தாழ்ந்தோர்' எல்லோருக்குமான பெயராக நீட்டப்பட்டுவிட்டது என்றும் விளக்குகிறது. தமக்கென உட்பிரிவுகளும் வழக்கங்களும் மரபுகளும் கொண்ட பழமையான மக்கள் அவர்கள் என்று கால்டுவெல் எழுதியதையும் எடுத்துக்காட்டுகிறது. இத்தனையும் சொன்ன அதே நூல், அந்த மக்களின் பழக்கங்களைப் பற்றி இழிவாக இரண்டு வரி எழுதாமலும் விடவில்லை. பிழை என்று அறிந்தவர்களுக்கே அந்தப் பழக்கம் போகவில்லை என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி.

தமிழ்ப் பக்கத்தில் இருந்து பார்த்தால் பிழையின் அளவு இன்னும் தெளிவாகும். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற இந்த நான்கைத் தவிர வேறு குடி இல்லை என்கிறார். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவரைப் பற்றிய பேச்சு அல்ல அது, ஊரே இவர்கள்தான் என்ற பேச்சு. சோழர் காலக் கல்வெட்டில் 'உழப்பறையர்' என்ற வழக்கு இருக்கிறது, ஏர் பிடித்தவர்கள் என்று பொருள். தீண்டாமை பின்னால் எத்தனை கொடுமையாக வந்து படிந்தது என்பதை இங்கே எவரும் மறுக்க முடியாது. ஆயினும் ஒரு மக்களுக்குச் செய்யப்பட்ட கொடுமையை அந்த மக்களின் பெயருக்கே பொருளாக்கிவிடுவது வேறு வகையான செயல். ஒருவன் வீட்டில் கொள்ளை போனது என்பதற்காக, கொள்ளை போவதற்கெல்லாம் அவன் பெயரையே வைப்பதைப் போன்றது அது.

ஆங்கிலம் அதோடு நிற்கவில்லை. தெருநாய்க்கு 'பரையா டாக்' என்று பெயர் வைத்தது. பறவைக்கும் வைத்தது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏலம் முடிந்து, மீன் கழிவு தரையில் கிடக்கும் நேரத்தில் நீங்கள் அண்ணாந்து பார்த்தால் இரண்டு வகைப் பருந்துகள் வட்டமிடும். வெண்தலையும் செம்பழுப்பு உடலுமாக இருக்கும் செம்பருந்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'பிராமினி கைட்'. குப்பையையும் கழிவையும் கொத்தித் தின்னும், மங்கிய பழுப்பு நிறப் பருந்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'பரையா கைட்'. செம்பருந்தும் அதே கழிவுக்குத்தான் வந்து இறங்குகிறது என்பது மீன் விற்கும் எந்த அம்மாவுக்கும் தெரியும். வானத்தில் பறப்பவற்றைக்கூடச் சாதி வரிசையில் நிறுத்திய பெயர்கள் இவை. இரண்டாவது பெயர் இப்போது பறவை நூல்களில் பெரும்பாலும் 'பிளாக் கைட்' என்று மாறிவிட்டது, முதலாவது அப்படியே இருக்கிறது. நாய் வளர்ப்பவர்களும் இப்போது 'இண்டி' என்றுதான் பெரிதும் சொல்கிறார்கள். ஆக, நாயையும் பருந்தையும் அந்தப் பெயரிலிருந்து விடுவிக்க ஆங்கிலத்தால் முடிந்திருக்கிறது. அரசியல் கட்டுரைகளில்தான் முடியவில்லை.

இந்த இடத்தில் நானே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் நான். ஒருபொருட் பன்மொழிப் பட்டியலில் 'அவுட்காஸ்ட்' என்பதற்கு நேராக 'பரையா' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், ஒரு முறை அல்ல, பல ஆண்டுகள். ஒரு நாள் கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், இது எங்க ஆளுங்க பேராச்சே, இங்கிலீஷ்லயும் இதுதானா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்றாலும், அவனுக்கு ஒரு விடையும் சொல்லாமல் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். உங்களுக்கு இத்தனை நீளமாக எழுதுவதில் அவனுக்குச் சொல்லாமல் விட்டதும் சேர்ந்திருக்கிறது.

அவன் கேள்வியில் இருந்த நுட்பத்தைக் கவனியுங்கள். பெயர் இழிவு என்று அவன் சொல்லவில்லை, தங்கள் பெயர் என்றுதான் சொன்னான். அந்த மக்களுக்குள்ளேயே இந்தப் பெயரைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விவாதம் நடந்திருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தொடங்கிய இதழுக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். மறைத்துக்கொண்டு வாழ்வதைவிட அந்தப் பெயரோடு நிமிர்ந்து நின்று உரிமை கேட்பதே வழி என்பது அவர் எண்ணம். அயோத்திதாசப் பண்டிதர் அதை ஏற்கவில்லை, அந்தப் பெயர் பகைவர் சுமத்தியது என்றார், 1907இல் தாம் தொடங்கிய இதழைத் தமிழன் என்ற பெயரோடு நடத்தினார். 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, அரசுப் பதிவேடுகளில் பறையர், பஞ்சமர் என்பவற்றுக்கு மாற்றாக ஆதி திராவிடர் என்ற பெயர் வந்தது. மூவரும் மூன்று வழி சென்றவர்கள். ஆனால் தங்கள் பெயர் என்ன என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்பதில் மூவருக்கும் வேறுபாடு இல்லை. வேறொரு நாட்டின் அரசைத் திட்டுவதற்கு அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும் கட்டுரையாளர் அந்த விவாதத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை, அப்படி ஒரு விவாதம் நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது.

இப்போது லண்டன்காரருக்கு நீங்கள் சொல்லக்கூடிய மிகச் சிறந்த எதிர்வாதத்துக்கு வருகிறேன். உங்கள் மென்பொருள் துறையில் 2020ஆம் ஆண்டு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கறுப்பு என்ற சொல் உள்ள 'பிளாக்லிஸ்ட்' (blacklist) என்பதை விட்டு, தடுத்தல் என்ற பொருள் கொண்ட சொல்லைச் சேர்த்து blocklist என்றும், 'டினைலிஸ்ட்' (denylist) என்றும் எழுத நிறுவனங்கள் பழகின. அந்த ஆண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதும் குழுவினர் புதிய நிரல்களில் இத்தகைய பழைய சொற்களைத் தவிர்க்க முடிவெடுத்தார்கள். நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம், எஜமானன் என்றும் பொருள்படும் 'மாஸ்டர்' என்ற கிளைப்பெயரைப் புதிய நிரல் தொகுப்புகளில் 'மெயின்' என்று மாற்றியது. இத்தனைக்கும் 'பிளாக்லிஸ்ட்' என்ற சொல் தோலின் நிறத்திலிருந்து பிறந்தது அல்ல, தண்டனைக்கோ தடைக்கோ உரியவர்களின் பட்டியல் என்ற பொருளில் 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் வழங்கியது. அந்த மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை, மாற்றிக்கொண்டதால் எவருக்கும் நட்டம் இல்லை. ஆனால் நிறத்தோடு நேர்த்தொடர்பு இல்லாத ஒரு சொல்லை இவ்வளவு அக்கறையோடு கழித்துக் கட்டிய அதே ஆங்கிலம், உயிரோடு வாழும் ஒரு மக்களின் பெயரையே நேரடியாக வசைச்சொல்லாக்கி வைத்திருப்பதை அகராதி வழக்கு என்று சொல்லி விட்டுவிடுகிறது. வேறுபாட்டுக்குக் காரணம் சொற்பிறப்பு அல்ல. ஒன்றில் பாதிக்கப்பட்டவர்கள் அந்த நாளேடுகளின் வாசகர்கள், அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள். மற்றதில் பாதிக்கப்பட்டவர்கள் புளியந்தோப்பில் இருக்கிறார்கள். இப்போது நீங்களும் அந்த அலுவலகத்தின் ஓர் இருக்கையில் இருக்கிறீர்கள் என்பதை அவருக்கு நினைவூட்டலாம்.

மலேசியாவில் இது ஏட்டளவில் நிற்கவில்லை. மலாய் மொழியில் அந்தச் சொல் இந்திய வம்சாவளியினரைப் பார்த்து வீசப்படும் வசையாகவே இருக்கிறது. அங்கே பள்ளி இலக்கியப் பாடமாக வைக்கப்பட்ட நாவல் ஒன்றில் இச்சொல் இடம்பெற்றதற்கு 2011ஆம் ஆண்டில் இந்திய அமைப்புகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன, அந்நூல் பின்னர் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இது வெறும் உருவகம் என்பவர்கள், அந்த உருவகம் கடல் கடந்து எங்கே போய் இறங்குகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

'கூலி' என்பதை இதே தட்டில் வைக்க முடியாது. மெய்வருத்தக் கூலி தரும் என்று குறள் சொல்லும்போது அந்தச் சொல்லில் எந்த இழிவும் இல்லை, உழைப்புக்கு உரிய பயன் என்பதே பொருள். ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி அகராதியாளர்கள் குஜராத்தின் கோலி மக்களின் பெயர், தமிழின் கூலி என்ற இரண்டையுமே சுட்டுகிறார்கள், இரண்டும் கலந்திருக்கலாம். எப்படி ஆனாலும் நடந்த மாற்றம் ஒன்றுதான். தமிழில் கொடுக்கப்படும் பணத்தைக் குறித்த சொல், ஆங்கிலத்தில் அதை வாங்கும் ஆளைக் குறிக்கத் தொடங்கியது. 1860ஆம் ஆண்டு அக்டோபரில் நம் சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுபோன முதல் கப்பல் அதுவே. அவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் 'கூலி'. பின்னாளில் அந்தப் பெயர் வணிகருக்கும் வழக்கறிஞருக்கும் கூடப் பொருந்தும் என்று வெள்ளையர் கருதினார்கள். காந்தி அங்கே 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்டார். இன்றும் தென்னாப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் இந்திய வம்சாவளியினரை அப்படி அழைப்பது அவமதிப்பு.

எனவே உங்கள் அறிக்கையில் தென்னாப்பிரிக்க வாசகர் ஒருவர் இருந்தால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் கூடவே கூடாது. தமிழில் 'இன்னைக்குக் கூலி வந்துச்சா' என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் ஆளைப் பார்த்துக் 'கூலிக்காரன்' என்று சொல்வதில் தமிழிலும் ஏளனம் ஏறியிருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம். துறைமுகத்திலும் பழைய கொத்தவால் சாவடியிலும் மூட்டை தூக்கியவர்கள் தங்களை 'லோடுமேன்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ரயில் நிலையத்தில் 'போர்ட்டர்'. 2016ஆம் ஆண்டு ரயில்வே நிதிநிலை அறிக்கையில் அவர்களுக்கு 'சஹாயக்' என்று புதுப் பெயர் அறிவித்தார்கள். சென்ட்ரலில் அந்தப் பெயர் சொல்லி யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள், எவரும் திரும்ப மாட்டார்கள். மேலிருந்து இறக்கிய மரியாதைச் சொல் ஒட்டாமல் போவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மறுபுறம், மொரிஷியஸ் கவிஞர் கால் தொராபுலி இதே 'கூலி' என்ற வேரிலிருந்து 'கூலித்யூட்' என்ற சொல்லை உருவாக்கி, கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தோர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கருத்தாக்கினார். வசையை அதற்கு உரியவரே எடுத்துக்கொள்வதற்கும் பிறர் வீசுவதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரியும்.

'ரவுடி' நேர்மாறான வழியில் சென்ற சொல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்து, இன்று ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரைச்சலிட்டு ஆடும் பிள்ளைகளுக்கும், பந்தயம் பார்க்க வந்து கூச்சலிடும் கூட்டத்துக்கும் வழங்கும் அடைமொழி அது. வெளிநாட்டு அம்மா ஒருவர் தம் இரண்டு பிள்ளைகளையும் 'ரவுடி' என்று சொன்னால் செல்லக் குறை அவ்வளவுதான். சென்னையில் அது காவல் நிலையப் பதிவேட்டுச் சொல். ஏ பிளஸ், ஏ, பி, சி என்று வகை பிரித்து வைத்திருக்கும் பட்டியலின் பெயர். ஒருவர் பெயர் அதில் ஏறிவிட்டால், தேர்தல் வந்தாலும் திருவிழா வந்தாலும் அவர் வீட்டுக் கதவுதான் முதலில் தட்டப்படும். நாளேடுகளின் 'பிரபல ரவுடி' என்ற தொடருக்குப் பக்கத்தில் வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்பு என்ற ஊர்ப்பெயர்கள் இத்தனை முறை அச்சாகி, வாடகைக்கு வீடு கேட்கும்போதும் வேலைக்கு நேர்காணல் போகும்போதும் முகவரியே ஒரு குற்றச்சாட்டாக மாறிவிட்டது. ஆகவே ஆங்கிலத்தில் 'ரவுடி' என்று யாராவது எழுதியிருந்தால் உடனே சினங்கொள்ளாதீர்கள், நீங்கள் எழுதும்போது மட்டும் உங்கள் ஊர்க்காரர் எவரையும் அந்தச் சொல்லால் குறிக்காதீர்கள். வழக்கு உள்ளவர் என்றால் என்ன வழக்கு என்று எழுதுங்கள்.

'ஸ்லம்' பற்றி எனக்கு உறுதியான ஒரே விடை இல்லை. இரண்டு விடைகள் உண்டு, இரண்டும் உண்மை. 1812ஆம் ஆண்டில் லண்டன் திருடர் பேச்சுவழக்கைத் தொகுத்த ஒரு சொற்பட்டியலில் அது வெறுமனே 'அறை' என்ற பொருளில் இருக்கிறது. பின்னர் சந்து, அதன்பின் ஏழைகள் நெருங்கி வாழும் அழுக்கடைந்த பகுதி என்று பொருள் கீழிறங்கியது. 1880களில் லண்டன் செல்வந்தர்கள் அப்படிப்பட்ட இடங்களை வேடிக்கை பார்க்கப் போவதற்கே 'ஸ்லம்மிங்' என்று பெயர் வைத்தார்கள். நம் 'சேரி'யும் இப்படி இறங்கிய சொல்தான். உத்தரமேரூர்க் கல்வெட்டு பிராமணர் ஊரின் பிரிவுகளையே சேரி என்கிறது, புதுச்சேரி என்று சொல்லும்போது இன்றும் எவருக்கும் முகம் சுளிப்பதில்லை. நம் அரசு 1970இல் தொடங்கிய வாரியத்துக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரில் 'ஸ்லம் கிளியரன்ஸ்' இருந்தது, தமிழில் 'குடிசை மாற்று'. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஆங்கிலப் பெயரில் அந்த இடமே அகற்றப்படுகிறது. தமிழ்ப் பெயரில் குடிசை மட்டும் மாறுகிறது, குடியிருப்பவர் அதே இடத்தில் இருக்கிறார். தொடக்க காலத்தில் அதே இடத்தில் அடுக்குமாடி கட்டிக் கொடுத்தபோது தமிழ்ப் பெயர் பொருந்தியது. நகருக்கு வெளியே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆட்களை ஏற்றி அனுப்பத் தொடங்கியபோது ஆங்கிலப் பெயரே உண்மையாகிவிட்டது.

2021இல் அந்த வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் மக்கள் 'போர்டு' என்றுதான் சொல்கிறார்கள், 'போர்டு ஆளுங்க' என்ற ஏளனம் பெயர் மாற்றத்தோடு போகவில்லை. இதில் மறந்துவிடக் கூடாத இன்னொன்று உண்டு. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் இடம் 'ஸ்லம்' என்று அறிவிக்கப்பட்டால், அங்கே குடியிருப்பவர்களை முறையான அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது, தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் கேட்கும் உரிமை வருகிறது. சென்னையில் 1971இல் 1,202 இடங்களும் 1985இல் மேலும் 17 இடங்களும் அப்படி அறிவிக்கப்பட்டன. அதன்பின் நெடுங்காலம் புதிதாக ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. அறிவிக்கப்படாத இடத்துக்கு அதிகாரிகளின் சொல் 'என்குரோச்மென்ட்', அதாவது ஆக்கிரமிப்பு. இந்த இரண்டில் எது இழிவு என்று அங்கே குடியிருப்பவரைக் கேட்டால், 'ஸ்லம்' என்றே எழுதிக் கொடுங்கள் என்பார். ஆகவே சட்டப் பொருளில் எழுதும்போது அந்தச் சொல்லை எடுக்காதீர்கள், எடுத்தால் உரிமையும் சேர்ந்து போய்விடும். ஒரு தெருவை வருணிப்பதற்காக எழுதுகிறீர்கள் என்றால் அந்தத் தெருவுக்குப் பெயர் இருக்கிறது, அதை எழுதுங்கள்.

'நேட்டிவ்' என்ற சொல்லைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் கோட்டைக்கு வடக்கே இருந்தது 'பிளாக் டவுன்', அங்கே இருந்தவர்கள் 'நேட்டிவ்'. முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் சேர்ந்த அந்த நகரத்தில் ஆர்மீனிய வணிகர்களும் இருந்தார்கள், ஆர்மீனியன் தெரு இன்றும் இருக்கிறது என்பதால், அந்தப் பெயர் தோலின் நிறத்தைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் பெயரை வைத்து அந்த 'பிளாக் டவுன்' பகுதியை ஜார்ஜ் டவுன் ஆக்கினார்கள். 'நேட்டிவ்' மட்டும் நம்மிடம் தங்கி, சொந்த ஊர் என்ற இனிய பொருளைப் பெற்றுவிட்டது. அதனால் வெளிநாட்டவரைப் பற்றி 'நேட்டிவ்ஸ்' என்று எழுதாதீர்கள், நமக்குள் 'நேட்டிவ் எது?' என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அலுவலகத்தில் நீங்கள் 'புளியந்தோப்பு' என்று விடை சொன்ன பிறகும் 'அது சரி, அதுக்கு முன்னாடி?' என்று ஒருவர் தொடர்ந்தால், அவர் ஊரை விசாரிக்கவில்லை, சாதியை விசாரிக்கிறார். அங்கே சொல் குற்றமற்றது, கேள்விதான் குற்றமுள்ளது.

நீங்கள் கேட்காத ஒரு சொல்லையும் உங்கள் ஊரை முன்னிட்டுச் சேர்க்கிறேன். 'பிளாக்லெக்' என்பது முதலில் குதிரைப் பந்தயத்தில் ஏமாற்றுபவனைக் குறித்து, பின்னர் வேலைநிறுத்தத்தை உடைத்து வேலைக்குப் போகிறவனைக் குறித்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றக் காரணமான பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் 1921ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கத்தார் பார்வையில் அவர்கள் 'பிளாக்லெக்', நிர்வாகத்தின் பார்வையில் 'லாயல்'. இரண்டு சொற்களும் அந்தக் குடும்பங்களில் அடுப்பெரிந்ததா என்று கேட்கவில்லை. மோதல் புளியந்தோப்புத் தெருக்களில் வீடுகள் எரிவதிலும் உயிர்கள் போவதிலும் முடிந்தது. அந்த ஆண்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் இரண்டு சொற்களையும் விட்டு, 'வேலைக்குத் திரும்பியவர்கள்' என்று எழுதுங்கள்.

இனி உங்கள் அறிக்கை. 'பரையா ஸ்டேட்' என்பதற்கு நேராக 'ஐசோலேட்டட்' என்றோ, கடுமை வேண்டும் என்றால் 'ஷன்ட்' (shunned) என்றோ எழுதினால் பொருள் சிறிதும் குறையாது. 'அவுட்காஸ்ட்' என்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது எறியப்பட்டவர் என்ற தூய ஆங்கிலச் சொல்தான், சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' வேறு சொல், ஆனால் ஒலி ஒன்றாக இருப்பதால் இந்திய வாசகர் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் போவார். ஒரு நாட்டின் மீது என்ன தடை, யார் விதித்தது, எந்த ஆண்டிலிருந்து என்று எழுதிவிட்டால் அடைமொழியே தேவைப்படாது. பழைய ஆவணத்தையோ வேறொருவர் பேச்சையோ மேற்கோளாகத் தரும்போது மட்டும் அந்தச் சொல்லை அப்படியே விடுங்கள், அவர் எழுதியதை நாம் திருத்தி எழுதினால் அவர் என்ன நினைத்தார் என்பது மறைந்துவிடும். லண்டன்காரருக்கு நான்கே வரியில் மறுமொழி போதும்: இது ஓர் உவமை அல்ல, தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானோரின் பெயர், சாதியற்றவர் என்ற பொருள் பிழையானது என்று 1886ஆம் ஆண்டு ஆங்கில அகராதியே சொல்லியிருக்கிறது, மாற்றுச் சொல் கையில் இருக்கிறது, அறிக்கையை எழுதியவர் அந்தப் பெயர் வழங்கும் ஊரிலிருந்து எழுதுகிறார்.